அளவுகோல் யார் கையில்?

இந்திய மேலாண்மைக் கழகங்களில் ஆண்டுதோறும் ஆளெடுக்கும் பருவம் வரும்போது முன்வரிசையில் நிற்பவை ஆலோசனை நிறுவனங்களே. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு இக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, நாட்டின் தொழில் வளர்ச்சிக்கான நிர்வாகிகளை உருவாக்குவதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. இன்றோ, அங்கிருந்து வெளிவரும் திறமைமிக்க இளைஞர்களில் கணிசமானோர், தாங்கள் ஒருநாளும் செய்திராத வேலையைப் பிறர் எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்று ஆலோசனை கூறும் பணிக்குச் செல்கின்றனர். கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும்போது அவர்களைப் பழித்துப் பயனில்லை. பார்க்க வேண்டியது அந்தத் தொழிலின் இலக்கணத்தை.

அதன் முன்னோடி, தம்மை ஆலோசனைப் பொறியாளர் என்று அழைத்துக்கொண்ட அமெரிக்கர் பிரடெரிக் டெய்லர். பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 12.5 டன் இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியில் ஏற்றினார். டெய்லரின் முறை வந்தபின் 47.5 டன். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. அதாவது உழைப்பு ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலி உயர்ந்ததோ அறுபது சதவீதம்தான். இது எதிரிகள் போட்ட கணக்கன்று. 1911இல் வெளியான தம் நூலில் டெய்லரே பெருமையுடன் எழுதிய கணக்கு. அக்கதையில் புனைவு கலந்திருப்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டிவிட்டனர். அதற்குள் அது மேலாண்மைக் கல்வியின் பாலபாடமாகியிருந்தது.

அதே 1911இல், அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச்சின் கீழ் வேலை செய்ய மறுத்த வார்ப்படத் தொழிலாளி ஒருவர் நீக்கப்பட்டார். தோழர்கள் கருவிகளைக் கீழே வைத்தனர். நாடாளுமன்றக் குழு டெய்லரையே அழைத்து விசாரித்தது. 1915இல் ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் தடைசெய்யப்பட்டது.

டெய்லர் முறையை வியர்வை பிழியும் விஞ்ஞானம் என்று 1913இல் பிராவ்தாவில் சாடிய லெனின், 1918இல் அதில் உள்ள அறிவியல் கூறுகளைச் சோவியத் அரசு கற்க வேண்டும் என்றும் எழுதினார். இதை முரண்பாடு என்று காட்ட முனைவோர் உண்டு. அளப்பது தவறென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அளவுகோல் எந்த வர்க்கத்தின் கையில் இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி.

ஏனெனில் அளப்பவர் அளக்கப்படுவதில்லை. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்திலிருந்து என்ரானுக்குச் சென்று அதன் தலைமையை எட்டியவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங். ஊழியரைத் தரவரிசைப்படுத்திக் கடைசியில் நிற்போரை வெளியேற்றும் முறைக்கு அந்நிறுவனம் பேர்போனது. ஆனால் அதன் பன்னாட்டுத் திட்டங்களைக் கொண்டுவந்த அதிகாரிகளுக்கு, எதிர்பார்க்கப்பட்ட லாபத்தை வைத்து, ஒப்பந்தம் முடிந்ததுமே ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. ஆலை ஓடுகிறதா, மின்சாரத்தை வாங்க முடிகிறதா என்பது அவர்களுடைய மதிப்பெண்ணில் சேரவில்லை. மகாராஷ்டிரத்தின் தாபோல் அப்படித்தான் வந்தது. 13 நாள் வாஜ்பாய் அரசு மறக்காமல் செய்த காரியங்களுள் ஒன்று, அதற்கு எதிர் உத்தரவாதம் அளித்தது! 2000இல் யூனிட் விலை ஒரு கட்டத்தில் ஏழு ரூபாயைத் தாண்டியது. 2001இல் ஆலை நின்றது; அவ்வாண்டு டிசம்பரில் என்ரானே திவாலானது. சுமை மாநில மின்வாரியத்தின் தலையிலும் இந்திய வங்கிகளின் தலையிலும் விழுந்தது.

கீழே இருப்பவர்களுக்கோ அளவுகோல் அன்றன்றே பாய்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை படம் பதிவேற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால், மண் வெட்டியிருந்தும் கூலி இல்லை. ஊழலை ஒழிக்கும் என்று புகழப்பட்ட இச்செயலியில் படத்தையே மீண்டும் படமெடுத்துப் பதிவேற்றும் மோசடி நடப்பதை 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டது.

தொழிற்சங்கங்கள் இதில் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை. கூலி, வேலைநேரம் முதலியவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு. அந்தப் பட்டியலில் இலக்கோ, தரவரிசை முறையோ, மதிப்பெண் சூத்திரமோ தனித்து இடம்பெறவில்லை. ஐடி ஊழியர், வங்கி ஊழியர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோரின் கோரிக்கைப் பட்டியல்களில் அவை இடம்பெற வேண்டும்: இலக்கை நிர்ணயிக்கும் கணக்கை முன்கூட்டியே எழுத்தில் தருதல், சங்கத்துடன் பேசாமல் அதை மாற்றாதிருத்தல், கருவி பழுதானால் கூலியைப் பிடிக்காதிருத்தல்.