நடுவர் பணி

ஆட்டக் களத்தில் வென்றவரைத் தோளில் தூக்கி மகிழ்வது உலக வழக்கு. தோற்றவர்க்கு ஆறுதல் கூறுவாரும் உளர். ஆயின், அவ்விரு திறத்தாரும் ஒழுங்காக ஆடுதற்குத் துணைநின்ற ஒருவரை எவரும் நினைப்பதில்லை. அவரே நடுவர். ஆட்டம் நன்கு நடந்தால் அவர் பெயரைப் பேசுவாரில்லை. தீது நேர்ந்தால் அவர் பெயரையே ஊரெல்லாம் பேசும். இத்தகைய பணியை மனமுவந்து ஏற்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவருடைய வாழ்க்கையை ஆராயின், இப்பணியின் அருமையும் அதற்கு வேண்டிய மனவுறுதியும் நன்கு விளங்கும்.

கால்பந்தாட்டம் இங்கிலாந்தில் வளர்ந்த தொடக்க நாட்களில் ஒவ்வொரு கட்சியும் தன் சார்பில் ஒரு கண்காணிப்பாளரை அழைத்து வந்தது. அவ்விருவரும் தத்தம் கட்சியின் பக்கமே பேசினர்; வழக்குகள் தீர்ந்தபாடில்லை. அதனால், இருவரும் முறையிடுதற்கு உரிய மூன்றாமவர் ஒருவர் களத்திற்கு வெளியே அமர்த்தப்பட்டார். 1891ஆம் ஆண்டில் அம்மூன்றாமவரே களத்தினுள் புகுந்து முழு அதிகாரமும் பெற்றார். கண்காணிப்பாளர் இருவரும் எல்லைக்கோட்டருகே நின்று அவருக்கு உதவுபவர் ஆயினர். தன் வழக்கிற்குத் தானே தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது என்னும் உண்மையை மக்கள் பட்டறிவால் உணர்ந்தனர். நடுவு நிலைமைக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துள்ளார். அந்நிலையில் நிற்பவரை ‘நடுவர்’ என்று தமிழ் அழைப்பது எத்துணைப் பொருத்தம்!

நடுவர் பணி எளிதன்று. இருபத்திரண்டு ஆட்டக்காரரையும் ஒரு பந்தையும் அவர் தொண்ணூறு நிமிடம் இடைவிடாது நோக்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் அவர் ஓடும் தொலைவு பத்துக் கிலோமீட்டருக்கும் மிகுதியாகும். மூச்சு வாங்கும் அந்நிலையிலும் பதினேழு விதிகளும் அவர் நினைவில் நிற்க வேண்டும். வழக்கு மன்ற நீதிபதி ஒரு வழக்கைப் பல நாள் ஆராய்ந்து தீர்ப்பு வழங்கலாம். நடுவருக்குக் கிடைப்பதோ கண் இமைக்கும் நேரம்! அத்தீர்ப்பையும் ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்யும்போதே அவர் கூற வேண்டும்.

இப்பணியில் உலகறிந்த பெயர் பெற்றவர் கென் ஆஸ்டன். அவர் 1915ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1953ஆம் ஆண்டில் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1936ஆம் ஆண்டிலேயே நடுவராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையில் அலுவலராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் சிங்கப்பூரில் சாங்கி என்னுமிடத்தில் போர்க்குற்றங்களை விசாரித்த நீதிமன்றத்திலும் பணிபுரிந்தார். தாயகம் திரும்பியதும் மீண்டும் ஊதலைக் கையில் எடுத்தார். மூடுபனியில் எல்லைக்கோட்டு நடுவரின் கொடி கண்ணுக்குப் புலப்படாமை கண்டு, பளிச்சென்ற நிறமுடைய கொடிகளைப் பயன்படுத்தினார். குறை கண்டவிடத்து முணுமுணுத்து வாளாவிராமல் அதனைக் களைய முற்படும் இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

அவ்வியல்பைச் சோதிக்கும் நாள் ஒன்று வந்தது. 1962ஆம் ஆண்டு சிலி நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நிகழ்ந்தது. ஜூன் 2ஆம் நாள் சாண்டியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதின. இத்தாலிய இதழாளர் சிலர் சிலி நாட்டை இழிவாக எழுதியிருந்தமையால் மக்கள் உள்ளம் கொதித்திருந்தது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கைகலப்பு மூண்டது. இத்தாலியர் ஒருவரை ஆஸ்டன் வெளியேறுமாறு பணித்தார். அவரோ நகர மறுத்தார். இறுதியில் காவலர் வந்து அவரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. பின்னர் மற்றோர் இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். கைகலப்பில் இறங்கிய சிலி ஆட்டக்காரர் ஒருவரோ இறுதிவரை களத்தில் இருந்தார். சிலி இரண்டு கோல்கள் அடித்து வென்றது.

நடுவர் ஒருதலைச் சார்பாக நடந்தார் என்று இத்தாலிய மக்கள் சினந்தனர். அவர் ஆட்டத்தையே நிறுத்தியிருக்க வேண்டும் என்பாரும் உளர். இக்குறைகளை முற்றும் பொருளற்றவை என்று தள்ளிவிடுதல் இயலாது. ஒரே வகைக் குற்றத்தை ஒருவரிடம் கண்டித்து மற்றவரிடம் கண்டியாது விட்டால், அது மனமறிந்து செய்ததாயினும் அறியாமல் நேர்ந்ததாயினும், பாதிக்கப்பட்டவர் உள்ளம் புண்படவே செய்யும். ஆயினும், அன்று களத்தில் நின்ற ஒருவரின் இரு கண்களை நம்பியே அனைத்தும் நடந்தன என்பதையும் மறத்தலாகாது. தவறே செய்யாத நடுவர் உலகில் இல்லை. தவறு நேர்ந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் முறை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் நடுவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஆஸ்டனிடம் இருந்தது. இலண்டனில் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. அர்ஜென்டினாவின் தலைவர் ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேறச் சொன்னார். நடுவர்க்கு இசுபானிய மொழி தெரியாது. ராட்டினுக்கு ஜெர்மன் மொழி தெரியாது. நெடுநேரம் குழப்பம் நீடித்தது. ஆஸ்டனே களத்திற்குச் சென்று அமைதி உண்டாக்க வேண்டியதாயிற்று. அன்று எச்சரிக்கை பெற்ற ஆட்டக்காரர் சிலர், தாம் எச்சரிக்கப்பட்டதையே அப்போது அறியவில்லை.

ஆட்டம் முடிந்து ஆஸ்டன் காரில் திரும்பினார். வழியில் சாலை விளக்கு நிறம் மாறிற்று. மஞ்சள், ‘எச்சரிக்கையாக இரு’ என்றது. சிவப்பு, ‘நில்’ என்றது. எம்மொழியினரும் அவ்விளக்கின் பொருளை அறிவர் அல்லரோ? அந்நொடியில் அவர் உள்ளத்தில் ஒரு கருத்து முளைத்தது. அக்கருத்தே மஞ்சள் அட்டையாகவும் சிவப்பு அட்டையாகவும் உருப்பெற்று, 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் முதன்முதல் வழக்கிற்கு வந்தது. அப்போட்டி முழுவதிலும் ஒருவரைக்கூட வெளியேற்ற நேரவில்லை. அட்டைகளே அதற்கு முழுக் காரணம் என்று கூற முடியாதெனினும், அத்தொடக்கம் போற்றத்தக்கதே. இன்று பிற விளையாட்டுகள் சிலவும் இம்முறையைக் கைக்கொண்டுள்ளன.

இவ்வரலாறு ஓர் அரிய உண்மையை உணர்த்துகிறது. தீர்ப்பு நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது யாவர்க்கும் விளங்குவதாகவும் இருத்தல் வேண்டும். தன்னை எதற்காகத் தண்டித்தனர் என்று அறியாதவன் திருந்துவது எங்ஙனம்? உயர்த்திப் பிடித்த அட்டையை ஆட்டக்காரரும் காண்கின்றனர். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவரும் காண்கின்றனர். மறைவில் நிகழும் நீதியினும் வெளிப்படையாக நிகழும் நீதியே மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

ஆஸ்டன் தம் பள்ளிப் பணியோடு நடுவர் பணியையும் ஆற்றினார். அவர் மறைந்த 2001ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் முதன்மை நடுவர்கள் ஊதியம் பெறும் முழுநேரத் தொழிலராயினர். இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆட்டக்காரர் நாள்தோறும் பயிற்சி பெறும்போது, அவர்களை ஆராயும் நடுவர்க்கும் பயிற்சியும் ஓய்வும் வேண்டுமன்றோ? 2018ஆம் ஆண்டு முதல் படக்கருவியின் துணையும் ஆட்ட விதிகளில் இடம் பெற்றது. எனினும், கருவி காட்சியைக் காட்டும். முடிவு கூற வேண்டியவர் நடுவரே. ஊதியம் பயிற்சிக்கு நேரம் தரும். கருவி கண்ணுக்குத் துணையாகும். அஞ்சாமையையும் நடுவு நிலைமையையும் அவரே தம் உள்ளத்தில் வளர்த்துக் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்கள் நடுவர் பணியைப் பள்ளி ஆடுகளத்திலேயே பழகலாம். வெற்றியை விரும்பி ஆடுவது இயல்பு. ஆயினும், தம் கட்சிக்கு எதிராக ஊதல் ஒலிக்கும்போது வாதாடாமல் பந்தைக் கீழே வைப்பவரே விளையாட்டின் பயனை அறிந்தவர். அடுத்த நாள் அவர் கையிலேயே ஊதல் வரக்கூடும். அன்று தம் நண்பன் தவறு செய்தாலும் அதனை ஊத அவர் தயங்கலாகாது.