விளையாட்டுக்கும் நேரம் வேண்டும்

தில்லியில் எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் பெண் தொழிலாளி ஒருவர், சென்ற மாதம் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். முதல் வகுப்பில் பயிலும் அவருடைய மகளிடம் பள்ளியில் கொடுத்தனுப்பியது. அவர் பிகாரின் தர்பங்கா பகுதியைச் சேர்ந்தவர், எழுத்தறியாதவர். வாசித்துக் காட்டினேன். குழந்தையுடன் நாள்தோறும் விளையாடுங்கள், கதை சொல்லுங்கள், எழுத்து அட்டைகளைக் கோத்துச் சொற்களை உருவாக்கச் செய்யுங்கள், புத்தகம் வாசித்துக் காட்டுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர், “நல்லதுதான் அண்ணா. எந்த நேரத்தில்?” என்றார்.

மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் 2026-27ஆம் கல்வியாண்டுக்குள் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்ற இலக்குடன் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு ‘நிபுண் பாரத்’ திட்டத்தைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வின்படி, ஊரகப் பகுதி அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றவர் 23.4 விழுக்காட்டினரே. இவ்விடைவெளியை நிரப்பும் வழிகளுள் ஒன்றாகவே ‘வீட்டில் விளையாட்டு’ இன்று முன்வைக்கப்படுகிறது.

இந்த அறிவுரையை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அதன் உள்ளடக்கம் சரியானது. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி நெடுநாட்களுக்கு முன்பே இதனை விளக்கியிருக்கிறார். குழந்தை ஒரு குச்சியைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு ஓடும்போது, அக்குச்சி குதிரையாகிறது. ஒரு பொருள் தன்னையல்லாத வேறொன்றைக் குறிக்க முடியும் என்பதைக் குழந்தை அங்கே கண்டுகொள்கிறது. தாளில் உள்ள கோடும் வளைவும் ஒலியைக் குறிக்கும் என்று ஏற்பதற்கும் இதே ஆற்றல்தான் தேவை. எழுத்தின் முன்வரலாறு, குழந்தையின் சைகையிலும் விளையாட்டிலும் சித்திரத்திலும் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

வட இந்தியச் சேரிகளில் மாலை நேரத்தில் ‘அந்தாக்ஷரி’ விளையாடும் சிறுவர்களைப் பாருங்கள். ஒருத்தி ‘கமல்’ என்று நிறுத்துகிறாள். அடுத்தவன் ‘ல’ ஒலியைப் பற்றிக்கொண்டு, பம்பரத்தைக் குறிக்கும் ‘லட்டூ’ என்கிறான். ஓரெழுத்தும் அறியாத குழந்தை, சொல்லின் இறுதி ஒலியைப் பிரித்தெடுத்து, அவ்வொலியில் தொடங்கும் மற்றொரு சொல்லைத் தேடுகிறது. வாசிப்பின் அடித்தளம் இதுவே. சொல்லை அசை அசையாகக் கைதட்டிச் சொல்வது, உப்புப் பொட்டலத்திலும் பேருந்துப் பலகையிலும் தன் பெயரின் முதலெழுத்தைத் தேடுவது, மணலில் விரலால் எழுதி அழிப்பது ஆகிய எதற்கும் காசு வேண்டாம். தாய் எழுத்தறிந்திருக்க வேண்டும் என்பதுகூட இவற்றுள் பலவற்றுக்கு இல்லை. மைதிலி மொழியில் அந்தத் தாய் அறிந்த கதைகளும் தாலாட்டுகளும் விடுகதைகளும் எந்த எழுத்து அட்டையிலும் குறைந்தவை அல்ல. அவற்றைக் கல்வியென்று பள்ளி அவரிடம் சொல்லவில்லை; இந்தியில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தனுப்பியது.

ஆகவே அவருக்கு இல்லாதது அறிவன்று, நேரம். காலை ஆறு மணிக்கு முதல் வீடு. இரவு எட்டு மணிக்கு நான்காம் வீட்டிலிருந்து திரும்பித் தன் அடுப்பைப் பற்றவைக்கிறார். குழந்தை அதற்குள் பாதி உறங்கிவிடுகிறாள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும் ஆண் 88 நிமிடங்களையும் செலவிடுவதாகக் கூறுகிறது. ‘பெற்றோரே, விளையாடுங்கள்’ என்ற அழைப்பு, நடைமுறையில் அந்த 289 நிமிடங்களுக்கு மேல் இன்னொரு பணியாகத் தாயின் தலையில் ஏறுகிறது. குழந்தை வாசிக்கத் தடுமாறினால், குற்றவாளியும் அவரே.

இங்கே நம்மையும் நாம் விலக்கிக்கொள்ள இயலாது. என் மகள் எழுத்தறிந்த ஆண்டுகளில் என் மாலைகள் கூட்டங்களிலும் கையெழுத்துப் படிகளிலும் கழிந்தன. அலுவலகத்திலிருந்து திரும்பிய என் துணைவியார்தான் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, மகளின் விரலைப் பிடித்து எழுத்துகளை வரைய வைத்தார். உழைக்கும் பெண்களின் இரட்டைச் சுமை குறித்த தீர்மானங்களை மொழிபெயர்த்த என் கை, அந்தத் தாம்பாளத்தை ஒருநாளும் தொடவில்லை. தோழர்கள் பலருடைய வீட்டுக் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபடாது என்றே எண்ணுகிறேன்.

எனினும், தந்தையர் திருந்திவிட்டால் மட்டும் போதாது. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு தொடக்கத்தில் பதினான்கு வயது நிறைவுறும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றே கூறியது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரை வழிகாட்டு நெறியிலேயே விட்டுவிட்டது. விளையாட்டு வழியே மொழி விரியும் அந்த ஆண்டுகள், சட்டத்தின் முன் உரிமையற்ற ஆண்டுகளாயின. அவ்வயதுக் குழந்தைகளின் பொறுப்பைச் சுமக்கும் அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவருக்கு எந்த நிறுவனம் காப்பகம் அமைக்கும்?

வேறு வழி இருந்ததில்லையா? இருந்தது. இன்றைய மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில் 1945இல் இரு நிகழ்வுகள் தொடங்கின. சியாம்ராவ், கோதாவரி பருலேகர் ஆகியோரின் தலைமையில் வார்லி பழங்குடி மக்கள் வெட்டிவேலைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டு, அதே மாவட்டத்தின் போர்டியில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் ஏழைக் குழந்தைகளுக்காகக் குடியிருப்பின் முற்றத்திலேயே பள்ளி நடத்தலாயினர். ‘அங்கன்வாடி’ என்ற கருத்து அம்முற்றத்தில் முளைத்ததே. பின்னர் கோஸ்பாடில், மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காகப் பள்ளி மேய்ச்சல் நிலத்துக்கே சென்றது. கூழாங்கல்லும் விதையும் இலையுமே அவர்களின் விளையாட்டுப் பொருட்கள். இவ்விரு முயற்சிகளின் பாதைகளும் வேறு. ஆயினும், பெற்றோரின் உழைப்பு நேரத்தைப் பண்ணையாரிடமிருந்து மீட்காமல் குழந்தையின் நேரத்தை மீட்க இயலாது என்பதை இவற்றைச் சேர்த்து நோக்கும்போது உணரலாம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வியும் பராமரிப்பும் சட்ட உரிமையாக வேண்டும். அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் அரசு ஊழியராக ஏற்கப்பட வேண்டும். பெற்றோரின் பணி நேரத்துக்கு ஏற்ற முழுநேரக் காப்பகங்கள் உழைப்பாளர் குடியிருப்புகளில் அமைய வேண்டும். குழந்தையின் வீட்டு மொழியில் தொடக்கக் கல்வி வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளர்க்கு வரையறுத்த வேலை நேரமும் வார விடுமுறையும் வேண்டும்.

இவை நிறைவேறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சங்க அலுவலகத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து, பத்துப் படப் புத்தகங்களை வைக்கலாம். வாரம் இரு மாலைகள் ஆண் தோழர்கள் அங்கே கதை சொல்லலாம். கடந்த இரு ஞாயிறுகளாக அந்தச் சிறுமியும் அவளுடைய தோழியர் மூவரும் எங்கள் வாசலில் அமர்கின்றனர். அந்தாக்ஷரியில் என்னை எளிதாகத் தோற்கடிக்கின்றனர். அவள் தாய் அப்போதும் வேலையில்தான் இருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு மொழிபெயர்ப்பாளனின் ஞாயிற்றுக்கிழமை விடையாகாது. மகளோடு விளையாட அவருக்கே ஒரு மாலைப்பொழுது கிடைக்க வேண்டும்.