ஆசிட் தின்ற படிக்கு ஆசிட் வைத்தியமா?

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். கோவளம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு. பின்பக்கம் ஒரு சின்ன நீச்சல் குளம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இடுப்புக்கு மேல் கொஞ்சம் ஆழம். கட்டி மூன்று வருஷம் ஆகிறது.

இறங்கிய ஐந்தாவது நிமிஷம், "பாட்டி, காலு எரியுது" என்று பேத்தி ஏறி வந்துவிட்டாள். உள்ளங்கால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி சிவந்திருந்தது. குளத்தில் இறங்கும் மூன்று படிகளும் சொரசொரப்பு. அடித்தரையில் பழுப்புக் கறை வேறு. வெள்ளை சிமென்ட்டும் மார்பிள் பவுடரும் கலந்து இழைத்த பூச்சு அது. கட்டிய புதிதில் கன்னம் வைத்துப் பார்க்கலாம் போல வழவழவென்று இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"கவலைப்படாதே அக்கா, நாளைக்கே மேஸ்திரி வர்றார். தண்ணியை வடிச்சிட்டு ஆசிட் அடிச்சுக் கழுவினா புதுசு மாதிரி ஆயிடுமாம்" என்றான்.

"கொஞ்சம் பொறுடா" என்றேன்.

சொரசொரப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு வந்து படிவது. குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டுமே, அதே சமாசாரம்தான். இன்னொன்று, பூச்சில் உள்ள சுண்ணாம்பைத் தண்ணீரே அரித்துத் தின்பது. தடவிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆசிட் சொட்டு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதிலும் பிரயோஜனம் இல்லை. மார்பிள் கலந்த பூச்சும் நுரைக்கத்தான் செய்யும்.

நான் பார்த்தது, தண்ணீர் மட்டத்தில் ஓடும் டைல்ஸ் வரிசையையும் எவர்சில்வர் ஏணியையும்தான். படிவு என்றால் அங்கேயும் வெள்ளை பூத்திருக்க வேண்டும். இரண்டும் பளிச்சென்று இருந்தன. ஆக, இது அரிப்பு.

யார் அரித்தது? தோட்டக்காரரைக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. வாரம் இரண்டு குளோரின் மாத்திரையை அந்தப் படியிலேயே போட்டுவிட்டுப் போவாராம். பெரிய வில்லை வில்லையாக வருமே, அது சும்மா குளோரின் இல்லை. கரையக் கரைய நல்ல புளிப்பான அமிலம். அது கரையும் இடத்தில் பூச்சு தாக்குப் பிடிக்காது. அதன் மேல் இரண்டு மாத மழைத் தண்ணீர். மழைநீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. கிடைத்த இடத்தில் அதை உறிஞ்சிக்கொள்ளும். டெஸ்ட் கிட்டில் பிஎச் குழாய் மஞ்சளாக நின்றது. அதாவது 6.8 அல்லது அதற்கும் கீழே. இருக்க வேண்டியது 7.2 முதல் 7.8 வரை.

அமிலம் தின்ற பூச்சுக்கு இன்னொரு குளியல் அமிலத்திலேயே போட்டால் என்ன மிஞ்சும்? அன்றைக்கு வெள்ளையாகத்தான் தெரியும். அடுத்த கோடைக்குள் இன்னும் பெரிய குழிகள்.

அதைவிட எனக்குப் பயம், தண்ணீரை வடிப்பதில்தான். தம்பி வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தரையிலிருந்து இரண்டடியில் நின்றது. நிலத்தடி நீர் அந்த உயரத்தில் இருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், அது தரைக்குள் புதைத்த காலிப் படகு. கீழிருந்து நீர் அழுத்தும். தரை வெடிக்கலாம், குளமே மேலே தூக்கிக்கொள்ளவும் கூடும். மழைக்காலத்தில் இந்த வேலைக்கு ஆள் கூப்பிடவே கூடாது. வடித்துக் கொட்டும் தண்ணீரும் சுமார் 21,000 லிட்டர் என்பது வேறு விஷயம்.

பழுப்புக் கறைக்கு ஒரு வீட்டுச் சோதனை. நிறம் சேர்க்காத விட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறை மேல் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். மாத்திரை பட்ட இடம் வெளுத்தது. அப்படியென்றால் அது இரும்புக் கறை, போர் தண்ணீரிலிருந்து வந்தது. இலை, பூ விழுந்த கறை என்றால் விட்டமினுக்கு அசையாது. ஆனால் இரும்பைத் தண்ணீரிலிருந்து எடுக்காவிட்டால், குளோரின் போட்டதும் கறை திரும்பி வரும். அதனால் குளத்துக்குப் போகும் போர் குழாயில் இரும்பு ஃபில்டர் போடச் சொன்னேன்.

தண்ணீரைச் சரிசெய்ய ஆப்ப சோடாவே போதும். ஆல்கலினிட்டி 30 காட்டியது. குறைந்தது 80 வேண்டும். அந்தக் குளத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, பக்கெட்டில் கரைத்து இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றினான். பிறகு பிஎச் பார்த்துக் கொஞ்சம் சலவை சோடா. மாத்திரைகள் இப்போது மிதக்கும் டப்பாவுக்குள் போய்விட்டன.

அரித்துப் போன பூச்சு தானாக வளராது, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஈர உப்புத்தாளால் படிகளைத் தேய்த்ததில் கூர்மை போயிருக்கிறது, பழைய வழவழப்பு வரவில்லை. நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் இரண்டாவது படியில் உள்ளங்கை அகலத்துக்கு 'டொக்' என்று கேட்டது. அங்கே பூச்சு கீழே பிடிப்பு விட்டிருக்கிறது. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசத்தான் வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். மேஸ்திரி "தெரியவே தெரியாதும்மா" என்கிறார். தெரியும்.

ஒரு விஷயம், இது குளம் இல்லாத வீட்டுக்கும்தான். குளோரின் மாத்திரை, ப்ளீச்சிங் பவுடர், ஆசிட் மூன்றையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஆசிட்டோடு மற்ற இரண்டில் எது சேர்ந்தாலும் விஷவாயு கிளம்பும். மாத்திரையும் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கவே செய்யும். தம்பி வீட்டில் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கூடையில் இருந்தன. பேத்திக்கு எட்டும் உயரத்தில்.

ஒட்டு வேலை சித்திரையில். கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கியதும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.