மலையேற வேண்டிய மருத்துவம்

புற்றுநோய்க்குப் பண்டுவம் முடிந்தது என்று மருத்துவர் சொல்லும் நாளில் நோயுற்றார் பாடு முடிந்துவிடுவதில்லை. மார்பகப் புற்றுக்கு அறுவை செய்யும்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் நீக்க நேர்ந்தால், தோள் இறுகும். அப்பக்கத்துக் கை சில திங்கள் கழித்தோ, சில ஆண்டுகள் கழித்தோ வீங்கவும் கூடும். அமர்ந்து எழுதுவார்க்கு அது துன்பம். நீலமலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது சோற்றுச் சிக்கல். நாள் முழுதும் அவள் இரு கைகளையும் நீட்டிப் பறிக்க வேண்டும். முதுகில் சுமை ஏறிக்கொண்டே போகும். கவாத்துச் செய்த செடியின் குச்சி தோலைக் கீறும். நிணநீர் வடியாத கையில் அக்கீறலே சீழுக்கும் காய்ச்சலுக்கும் வாயிலாகிவிடும்.

இதனைத் தணிக்க வழியுண்டு. தோளைப் படிப்படியாக உயர்த்தும் பயிற்சி, கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, தோலைப் பேணும் முறை ஆகியவை நாள்தோறும் பல கிழமைகள் தொடர வேண்டியவை. வாய்ப்புற்றுக்குக் கதிர்ப் பண்டுவம் பெற்றார்க்கு வாய் திறக்கவும் விழுங்கவுமே பயிற்சி தேவைப்படும். அவற்றைக் கற்பிப்பாரைத் தேடிப் பந்தலூரிலிருந்து கோவைக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் ஒரு நாட்கூலியேனும் போகும். மழையில் மண் சரிந்தால் வழியே இராது.

எனவேதான் கைப்பேசி வழியே இப்பயிற்சிகளை அளிக்கும் முறையை நாம் வரவேற்கிறோம். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயர் 516 பேரிடம் நடத்தி, 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இயன்முறை வல்லுநர் தொலைப்பேசியில் பேசியே பயிற்சியைத் திருத்தி வந்தார். ஆறு திங்களில் அவர்தம் இயக்கம் மேம்பட்டது, வலி குறைந்தது, மருத்துவமனையில் படுத்த நாள்களும் குறைந்தன. மேம்பாடு பெரிதன்று, ஆயினும் வெறும் பேச்சினால் விளைந்தது!

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பண்டுவத்தை வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்லும் திட்டம். உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-இல் திறக்கப்பெற்றது. இவ்விரண்டையும் பெருநகரப் புற்றுநோய் வல்லுநரோடு கைப்பேசியால் பிணைக்கலாகாதா?

பிணைத்தால், அந்தக் குரல் எம்மொழியில் பேசும்? ‘சோல்டர் பிளெக்சன் பத்து முறை’ என்று பேசினால் கொழுந்து பறிப்பவளுக்கு என்ன விளங்கும்? ‘முழங்கையை மடக்காமல் கையை முன்னே நீட்டித் தலைக்குமேல் தூக்குங்கள் அம்மா’ என்றால் அன்றே செய்வாள். நம்மவர் சிலர் அகரமுதலியைப் புரட்டிப் புதுச்சொல் அடுக்கிக் கொடுப்பதும் இங்கு உதவாது. அவள் வாயில் வழங்கும் தமிழே போதும். படகர்க்கும் பணியர்க்கும் குறும்பர்க்கும் அவரவர் பேச்சிலேயே சொல்ல வேண்டும். தமிழுக்குக் கேட்பதை அவர்களுக்கு மறுப்பது நேர்மையாகாது.

1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து பெயர்த்தனுப்பப்பட்ட நம் மக்கள் பலர் இம்மலைகளில் குடியேறினர். அவர்தம் இசைவை அன்று யாரும் கேட்கவில்லை. அவர் வழிவந்தாரும் உழைக்கும் தோட்டங்களில், குரல் எட்டாத பள்ளத்தாக்குகளுக்கு அலைக்கோபுரம் எழுப்புவது அரசின் கடன். தோட்ட மருந்தகத்தில் பயிற்சிக்கென ஓரிடம், கூலியிற் பிடிக்காத அரைமணி நேரம், கை தேறும்வரை எடைக் கணக்குப் பாராத இலகுவான வேலை ஆகிய மூன்றையும் தோட்ட முதலாளிகள் தர வேண்டும். தராதவரிடம் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும்.