சொற்கேளாத வண்டி

குழந்தை சொற்கேளாவிட்டால் பொறுமை காட்டும் தகப்பனார், அக்குழந்தையின் ரேடியோக் கார் சொற்கேளாவிட்டால் மட்டும் உடனே திருப்புளியைத் தேடத் தொடங்கிவிடுகிறார். திருப்புளிக்கு அவ்வளவு அவசரம் இல்லை. இத்தகைய வண்டிகளுக்கு நேரும் கோளாறுகளில் பல, வண்டியைப் பிரிக்காமலே கண்டறியக் கூடியவை.

1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி, நியூயார்க் நகரத்தில் சிறு படகு ஒன்றைக் கம்பித் தொடர்பு இல்லாமலே செலுத்திக் காட்டினார். இன்றைய விளையாட்டு வண்டியும் அந்தப் படகின் வம்சந்தான். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் ஆக்ஞையிடுகிறது. வண்டியிலுள்ள ரிஸீவர் அதைக் கேட்டு, முன் சக்கரங்களைத் திருப்பும் ஸர்வோவுக்கும், மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவிக்கும் தெரிவிக்கிறது. இவ்வளவு பேருக்கும் உணவளிப்பது பாட்டரி. ஆகவே விசாரணையையும் பாட்டரியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இரு பக்கத்துப் பாட்டரிகளிலும் சக்தி இருக்கிறதா, தகடுகளில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ரிஸீவர். பழைய வண்டிகளில் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. ஒரே அலையில் இரு சிறுவர்கள் விளையாடினால், ஒருவன் இட்ட கட்டளைக்கு மற்றவன் வண்டி கீழ்ப்படிந்துவிடும்! இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் இக்குழப்பம் அரிது. டிரான்ஸ்மிட்டரும் ரிஸீவரும் முன்னதாகவே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. இதற்குப் ‘பைண்டிங்’ என்று பெயர். அறிமுகம் மறந்துபோனால் வண்டி அசையாது. கையேட்டில் கண்டபடி மறுபடியும் செய்துவைத்தால் போதும்.

வண்டி ஓடுகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால், சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியை உயர்த்தி வைத்து, ரிஸீவரில் ஸர்வோவின் செருகியையும் வேகக் கருவியின் செருகியையும் இடம் மாற்றுங்கள். வேக விசையை அழுத்தும்போது ஸர்வோ அசைந்தால் அது நிரபராதி. அப்போதும் அசையாவிட்டால் குற்றவாளி அதுவே. எல்லாம் ஒரே பலகையில் அமைந்த மலிவுப் பொம்மைகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

யாவரையும் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. வேகமாகத் திரும்பும் சமயத்தில் மட்டும் வண்டி திடீரென்று மயங்கி, சிறிது பொழுதில் தெளிந்துவிடும். பழி ரேடியோவின்மேல் விழும். உண்மையில், மோட்டாரும் ஸர்வோவும் ஒருங்கே மின்சாரத்தை இழுப்பதால் வோல்ட் அளவு தாழ்ந்து, ரிஸீவர் க்ஷணநேரம் நினைவிழக்கிறது. தளர்ந்த பாட்டரி, தளர்ந்த இணைப்பு, சிக்கிக்கொண்ட ஸர்வோ ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இறுதியாக, விளையாட்டல்லாத விஷயம் ஒன்று. தொடர்பு அறுந்த வண்டி நின்றுவிட வேண்டும். பாய்ந்து ஓடினால் தெருவில் நிற்கும் குழந்தையின் கால் முறியலாம். சக்கரங்களை உயர்த்தி மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். சக்கரங்கள் நிற்காவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை வண்டி வாசற்படி தாண்டலாகாது. எப்போதும் டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டுக் கடைசியில் அணைக்க வேண்டும். உப்பிய லித்தியம் பாட்டரியை மறுபடியும் சார்ஜ் செய்யவே கூடாது. அது தீப்பற்றக் கூடியது. வண்டி போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் கையும் காலும் அப்படியல்லவே!