அப்பா செத்த அன்றைக்கும் துரு தட்டினேன்

நான் வேலை பார்த்த கடற்படைக் கப்பலின் அதிகாரி ரொம்பக் கண்டிப்பானவராம். கப்பலைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாராம். அவருக்குக் கீழே கிடந்து வெந்தவர்களே இன்று இப்படிப் பெருமை பேசுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது. "பென்ஷன் வருது, பிள்ளைங்க படிக்குது, எதுக்கு வம்பு?" என்று வீட்டில் அடக்கி அடக்கி வைத்தார்கள். இனி முடியாது.

கலசப்பாக்கத்தில் பட்டுத் தறிக்காரர் மகன் நான். பாவு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது. எங்கள் அப்பாவுக்குச் சொந்தம் தறிக்குழியும் இடுப்புவலியும்தான். அந்தக் குழியில் என் கால் இறங்கக் கூடாது என்றுதான் கடன் வாங்கி ஒடிசாவுக்கு, சில்கா பயிற்சிக்கு ரயிலேற்றிவிட்டார். "பையன் நேவியில இருக்கான்" என்று டீக்கடையில் கேட்காதவனிடமும் சொல்வாராம்.

வேலை கஷ்டம் என்று நான் அழவில்லை. நடுராத்திரி வாட்ச், எஞ்சின் ரூம் வெக்கை, குமட்டும் அலை, எல்லாம் தெரிந்துதான் போனோம். கடலில் ஒருத்தன் அசந்தால் எல்லோரும் போய்ச் சேரணும், அதட்டுங்கள், தண்டியுங்கள். ஆனால் அந்த அதிகாரி வெள்ளைக் கையுறையோடு வந்து, குழாயின் பின்பக்கம் விரலை ஓட்டி, ஒட்டிய கரியை என் நெஞ்சில், சலவைச் சட்டையில் துடைத்தாரே, அது எந்தக் கடலுக்கான பயிற்சி? என் அம்மாவை இழுத்து, ஐம்பது பேர் முன்னால் பேசினாரே, அதனால் எந்த எதிரி பயந்தான்?

அப்பா இறந்த தகவல் வந்தபோது கப்பல் துறைமுகத்தில்தான் கட்டிக் கிடந்தது. ராத்திரி ரயில் பிடித்தால் காட்பாடி, அங்கிருந்து போளூர் வழியாக ஊர். லீவுச் சீட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். ஃப்ளீட் கமாண்டர் பார்வையிட வரும் வாரம் அது. சீட்டைப் படித்துவிட்டு நிமிராமலே கேட்டார்: "நீ போனா எழுந்து உட்காருவாரா?"

பக்கத்தில் நின்றவர்களில் ஒருத்தன் சிரித்தான்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் துரு தட்டினேன். தட்டிய இடத்தில் ரெட் ஆக்சைடு பூசினேன். அதே நேரத்தில் ஊரில், செய்யாற்றங்கரையில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்துக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை எங்கே என்று தெரு கேட்டிருக்குமே! அம்மா என்ன பதில் சொன்னாள்? இன்றுவரை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புகார் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த மனு ஏற வேண்டிய முதல் படியே அவர் மேஜைதான். யார் மேல் புகாரோ அவர் கையிலேயே புகார்! சாட்சிக்கு நம்மூர்க்காரர் ஒருவரைத்தான் நம்பினேன். தம்பி தம்பி என்று என் தட்டில் சாப்பிட்ட பெட்டி ஆஃபீசர். விசாரணையில், "என் காதில் எதுவும் விழலை சார்" என்றார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு "ஒழுங்கீனமானவன்" என்ற பெயர் வந்தது.

இந்த அவமானம் புதிதும் இல்லை. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில், தல்வார் சிக்னல் பயிற்சி நிலையத்தில், மாலுமிகள் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். வாயில் வைக்க முடியாத பருப்பு ஒரு காரணம். கூலிக்காரனுக்குப் பிறந்தவன்களே என்று ஏசிய கமாண்டர் கிங்கின் வாய் இன்னொரு காரணம். எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், ஏறக்குறைய 20,000 பேர். சரணடையச் சொன்ன படேலை நம்பி 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்; சுதந்திர இந்தியாவின் கடற்படையும் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது மும்பை கொலாபாவில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். சின்னம் வைத்தீர்கள், சரி. கிங்கின் வாயை எங்கே புதைத்தீர்கள்? நம்ம ஆள் ஒருத்தர் வாயிலிருந்து அதையே நான் கேட்டேனே!

எல்லா அதிகாரியும் அப்படி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2014-இல் சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் இறந்தபோது, விபத்துகளுக்குப் பொறுப்பேற்று அன்றைக்கே பதவி விலகினார் கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி. கடைசிப் படியில் நிற்பவனுக்கு நடந்ததும் தன் கணக்கில்தான் சேரும் என்று நினைக்கிற மனுஷர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2022-இல் படைக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நாலு வருஷம், அதில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். எங்கள் தெருப் பையன்கள் விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகுவதைப் பார்க்கிறேன். நிரந்தர வேலையில் இருந்த என்னாலேயே நியாயம் வாங்க முடியவில்லை. அந்த 25-இல் ஒருத்தனாக வர வேண்டுமே என்று மேலதிகாரி போடும் மார்க்கை நம்பிக் கிடக்கிறவன், அப்பன் பிணத்துக்குப் போக லீவு கேட்பானா?

நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களே, படையில் இருப்பவனின் உரிமையைச் சுருக்க அரசியல் சட்டம் 33-ஆம் பிரிவில் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சுருக்குங்கள். ஆனால் ஒரு மாலுமியின் புகார், அவன் யார் மேல் புகார் சொல்கிறானோ அவர் கையைத் தொடாமல் போய்ச் சேர ஒரு வழி செய்யுங்கள்.