ஜேவாக்கிங்: யார் வைத்த பேர் இது?

ரோட்டை நேராகக் கடக்காமல் வளைந்து போனால் ஆங்கில ‘ஜே’ எழுத்து மாதிரி கோடு விழுகிறதாம், அதனால்தான் ‘ஜேவாக்கிங்’ என்று பேராம். இங்கே நம்ம மக்கள் பலர் சொல்லும் விளக்கம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுத்த சரடு.

நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கொச்சையில் ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். ஜே என்று சளசளவென்று கத்தும் ஒரு பறவை உண்டு, அதிலிருந்து வந்த வசவு. 1905 வாக்கில் கான்சாஸ் பத்திரிகைகளில் ‘ஜே டிரைவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். தப்பான பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவன் என்று அர்த்தம். ஆக, வசவு வண்டிக்காரனுக்கும் இருந்தது! அப்புறம் அது மெல்ல நடக்கிறவன் தலையில் மட்டும் நின்றுவிட்டது.

தானாக நிற்கவில்லை, நிற்க வைத்தார்கள். 1920களில் கார் மோதிக் குழந்தைகள் செத்ததில் ஜனங்களுக்குக் கடுங்கோபம். 1923-ல் சின்சினாட்டி நகரத்தில், எந்தக் காரும் 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி கருவி பொருத்தச் சொல்லி 42,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கார் வியாபாரிகள் பதறிப்போய்ப் பிரசாரம் செய்து அதைத் தோற்கடித்தார்கள். பிறகுதான் ‘குற்றம் காரிடம் இல்லை, நடக்கத் தெரியாத பட்டிக்காட்டானிடம்’ என்ற பாட்டு பலமாக ஆரம்பித்தது. 1924-ல் நியூயார்க்கில் ஒரு கோமாளியை நடக்கவிட்டு, பின்னாலேயே மாடல் டி காரை விட்டு இடித்து இடித்துக் காட்டினார்கள். ஊரே சிரித்தது. பீட்டர் நார்ட்டன் 2008-ல் எழுதிய ‘ஃபைட்டிங் டிராஃபிக்’ புத்தகம் முழுக்க இந்தக் கதைதான். கிடைத்தால் படியுங்கள்.

நான் திருவனந்தபுரம் வலியசாலைக்காரன். எங்கள் அக்ரஹாரத்தில் தெரு என்பது வீட்டின் நீட்சி. கோலம், கிரிக்கெட், வாசல் வம்பு எல்லாம் அங்கேதான். ‘சாலை’ என்ற வார்த்தைகூட முதலில் ரோட்டைக் குறிக்கவில்லை. பாடசாலை, அறச்சாலை மாதிரி மனுஷர்கள் கூடும் இடம். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை எங்கள் பேட்டைதான் என்று சொல்கிறவர்கள் உண்டு (எங்கள் சிவன் கோயிலுக்குப் பேரே காந்தளூர்க் கோயில், விடுவோமா!).

அதே ஊரில் இன்னொரு அதிசயம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போக ஏர்போர்ட் ரன்வேயைக் கடந்தாக வேண்டும். ஏர்போர்ட் வந்தது 1932-ல், ஊர்வலப் பாதை அதற்கும் முந்தியது. அதனால் வருஷத்தில் இரண்டு நாள் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். நடக்கிறவனுக்காக விமானம் காத்திருக்கும் ஊர் சார் அது!

அந்த ஊரிலிருந்து வந்த நாமே, பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் என்ன சொல்கிறோம்? ‘உங்களுக்கு ரோடு கிராஸ் பண்ணவே தெரியாது, பேசாம வீட்டுல இருங்கோ.’ எழுபது வயசுக்காரர் ஆறு மாசம் ஜன்னல் வழியாக அமெரிக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஆறு லேன் ரோட்டில் அரை மைலுக்கு ஒரு கிராசிங் வைத்தவனை விட்டுவிட்டு, கடக்கிற கிழவரைப் பட்டிக்காட்டானாக்குவது எனக்கு ஒப்பவில்லை. அதே பழைய வசவு, நம் வாயால். குறுக்கே ஓடச் சொல்லவில்லை, இங்கே வண்டிகளின் வேகம் எமன்.

இந்த ஊர்க்காரர்களே மனசு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2023 முதல், உடனடி ஆபத்து இல்லாவிட்டால் இதற்கு டிக்கெட் கிடையாது. நியூயார்க் நகரம் 2024-ல் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே 2023-ல் டிக்கெட் வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கறுப்பர்களும் லத்தீனோக்களும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்த முறை அப்பா வந்தால் முதல் நாளே கூட்டிக்கொண்டு போய் சிக்னல் பட்டன் எங்கே இருக்கிறது, எத்தனை செகண்டு கிடைக்கும் என்று காட்டுங்கள். செகண்டு போதவில்லையா, உங்கள் டவுன் கவுன்சில் மீட்டிங்கில் போய்ச் சொல்லுங்கள். நான் போன மாசம் போனேன். மூன்று நிமிஷம் பேச விட்டார்கள்.